செக்கியூரிட்டி கம்பனியின் பதிவைச் சரிபார்க்கும் வழிகள்: வன்னியில் எது கைகொடுக்கும்?

வவுனியா நகரத்தில் நகைக்கடை, ஓமந்தைப் பக்கம் அரிசி ஆலை, கிளிநொச்சியில் தனியார் மருத்துவமனை, முல்லைத்தீவில் ஐஸ் தொழிற்சாலை என்று இப்போது பல வாசல்களில் யூனிபோர்ம் போட்ட ஒருவர் நிற்கிறார். அவரை அனுப்பிய கம்பனிக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலாளியைக் கேட்டால், "ஓம், கொட்டேசனோட ஒரு கொப்பி தந்தவை" என்ற பதில்தான் வரும். அந்தக் கொப்பியைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

எந்தக் கம்பனி நல்லது, எது கூடாது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கம்பனியைச் சோதித்துப் பார்க்கப் பொதுமக்களுக்கென்று இருக்கிற வழிகளைத்தான் ஒவ்வொன்றாக எடைபோடுகிறோம். கொழும்பில் இருப்பவருக்கு ஒரு நடையில் முடிகிற வேலை, புதுக்குடியிருப்பில் இருப்பவருக்கு ஒரு நாள் பயணம். ஆகவே இங்கே இருந்தபடியே எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் அளவுகோல்.

முதலில் சட்டம். தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி, பதிவு இல்லாமல் யாரும் காவல் சேவையை ஒரு தொழிலாக நடத்த முடியாது. பதிவு பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. அது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய பதிவு என்பதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும். கம்பனிப் பதிவாளரிடம் எடுத்த கூட்டிணைப்புச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு, நகரசபையோ பிரதேச சபையோ தந்த வியாபார அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. வன்னியில் அதிகம் காட்டப்படுவது இந்த மூன்றும்தான். முத்திரையும் கையொப்பமும் இருப்பதால் பார்ப்பவருக்குத் திருப்தி வந்துவிடுகிறது.

பாதுகாப்பு அமைச்சின் இணையத்தளத்தில் வெளியிடப்படும் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல்தான் தொடங்க வேண்டிய இடம். செலவு இல்லை, கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, அது எந்த ஆண்டுக்கான பட்டியல், எந்தத் திகதியில் வெளியானது என்று மேலே பார்க்க வேண்டும். பட்டியல் வெளியான பிறகு புதுப்பித்த கம்பனி அதில் இருக்காது. வெளியான பிறகு பதிவு இரத்தான கம்பனி அதில் இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, தமிழில் எழுதிய பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. இங்கே வருகிற கொட்டேசன்களில் "செக்கியூரிட்டி சேர்விஸ்" என்று இருப்பது பதிவில் "சேர்விசஸ்" என்றும், பின்னால் "பிரைவேட் லிமிட்டெட்" என்றும் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு நிறுவனமாக இருக்கலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, சான்றிதழில் உள்ள பதிவிலக்கத்தையும் முகவரியையும் வைத்து ஒப்பிடுங்கள். இலக்கம் ஒன்றாக இருந்து பெயர் மாறியிருந்தால், இன்னொருவருடைய சான்றிதழைக் காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விளக்கம் கேளுங்கள்.

கொப்பியைப் பார்க்கிற விதத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. மூலச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஃபோட்டோகொப்பியிலும் வாட்ஸ்அப் படத்திலும் முதலில் மாற்றப்படுவது செல்லுபடியாகும் திகதிதான். ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் தடிப்பும் உயரமும் பக்கத்து இலக்கங்களோடு ஒத்துப்போகிறதா, அதைச் சுற்றியுள்ள தாளின் நிறம் மற்ற இடத்தைவிட வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். முத்திரையின் ஓரம் திகதியின் மேல் விழுந்திருந்தால், அந்த ஓரக்கோடு இலக்கத்தைத் தாண்டி முறியாமல் போகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் இரண்டு நிமிட வேலை.

"புதுப்பிக்கக் குடுத்திருக்கு, இன்னும் வரேல்ல" என்று சொல்லி விண்ணப்பப் பற்றுச்சீட்டைக் காட்டுவார்கள். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; ஆண்டுத் தொடக்கத்தில் தாமதம் வரக்கூடும். ஆனால் விண்ணப்பம் பதிவு ஆகாது. அப்படியானால் போன ஆண்டின் மூலச் சான்றிதழ், விண்ணப்பத்தின் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, எந்தத் திகதிக்குள் புதிய சான்றிதழ் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுத மறுக்கிற கம்பனியை விட்டுவிடுவது நல்லது.

பட்டியலில் சந்தேகம் வந்தால் அமைச்சுக்கே கடிதம் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்பதைவிட இது மேல், ஏனென்றால் கையில் எழுத்தாக ஒன்று இருக்கும். பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமைச்சின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தப் பெயரும் இந்த முகவரியும் கொண்ட நிறுவனம் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுள்ளதா, பதிவிலக்கம் என்ன, எந்தத் திகதிவரை செல்லுபடியாகும்? இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். எத்தனை காவலாளிகள், எத்தனை துப்பாக்கிகள், எங்கெங்கே காவல் என்று கேட்கப் போனால் தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் காட்டி முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிட இடம் கொடுக்கிறீர்கள். எங்கள் பார்வையில் எல்லா வழிகளிலும் நம்பகமானது இதுதான். குறை என்னவென்றால் மெதுவானது. அவசரத்துக்கு உதவாது. கேள்விமனு கோரும் கூட்டுறவுச் சங்கமோ பாடசாலை நிர்வாகமோ இருந்தால், விலைகளைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடலாம்.

கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தேடல் வேறொரு வேலைக்கு உதவும். தனியார் கம்பனிகளின் இலக்கம் பீவீ என்ற எழுத்துகளோடு வரும். பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கம்பனி இருக்கிறதா, சரியான பெயர் எது என்று தெரிந்துவிடும். அந்தச் சரியான பெயரை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அமைச்சின் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள். பிறகு காசோலை எந்தப் பெயரில் எழுதச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பதிவு கம்பனியின் பெயரில், வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் என்றால், வன்னியில் அடிக்கடி நடக்கிற ஒன்று இங்கேயும் நடக்கிறது: கொழும்பிலோ குருநாகலிலோ பதிவான ஒரு கம்பனியின் பெயரை உள்ளூரில் ஒருவர் மாதக் கமிஷனுக்கு எடுத்து, ஆட்களைத் தானே திரட்டி நிறுத்துகிறார். சான்றிதழ் உண்மை, பட்டியலில் பெயரும் இருக்கும். வாசலில் நிற்பவர் மட்டும் அந்தக் கம்பனியின் ஊழியர் அல்ல. களவு போய்விட்டால் கம்பனி "எங்கட ஆள் இல்லை" என்று கைவிரித்துவிடும்.

துப்புரவுப் பணிக்கும் கூலியாட்களுக்கும் பதிவான மேன்பவர் கம்பனிகள், "ரெண்டு செக்கியூரிட்டியும் சேர்த்துத் தாறம்" என்று சொல்வதும் இதே வகைதான். காவல் வேலைக்கு ஆள் கொடுத்தால் அதற்கான பதிவு தேவை. "வாச்சர்" என்று பெயர் மாற்றி எழுதினாலும் வேலை மாறாது.

இந்த இடத்தில்தான் தொழில் அலுவலகம் பயன்படுகிறது. காவலாளி உண்மையில் யாருடைய ஊழியர் என்பதை ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்து, 12 வீதம் அவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடமிருந்து. ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அந்த முதலாளியுடையது. ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம்வரை ஏறும். கம்பனியிடம் கடந்த மூன்று மாதம் ஈபிஎப் கட்டிய சீ படிவத்தைக் கேளுங்கள்; இணையவழியாகக் கட்டுகிறவர்கள் என்றால் வங்கி உறுதிப்படுத்தலையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். உங்கள் வாசலில் நிற்பவரின் இலக்கம் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மற்ற ஊழியர்களின் விவரம் உங்களுக்குத் தேவையில்லை, அதை மறைத்துவிட்டுத் தரச் சொல்லலாம். காவலாளியிடமும் நேரே கேளுங்கள்: பீ காட் (ஈபிஎப் உறுப்பினர் அட்டை) தந்திருக்கிறார்களா, உறுப்பினர் இலக்கம் என்ன? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகியும் இலக்கம் தெரியாத ஒருவருக்குப் பணம் கட்டப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வன்னியில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் அறுபதை நெருங்கியவர்கள், அல்லது குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள். அவர்களுடைய முதுமைக்கு மிச்சப்படுவது அந்தப் பணம்தான். உங்கள் பில்லில் அந்தத் தொகையும் அடக்கம் என்றால், அது போய்ச் சேர்கிறதா என்று பார்க்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி விலை. பதிவைச் சோதிக்கும் கட்டுரையில் விலைக் கணக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒழுங்கில்லாத கம்பனியை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் கொட்டேசன்தான்.

2025இல் திருத்தப்பட்ட தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டப்படி, 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. ஒரு பொயின்ட்டில், அதாவது ஒரு காவல் இடத்தில், 24 மணித்தியாலமும் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் 12 மணித்தியால டியூட்டி நாளுக்கு இரண்டு. 30 நாள் மாதத்துக்கு 60. மேலதிக நேரத்துக்கு ஒரு சதமும் கொடுக்காமல், நாட்சம்பளம் 1,200, அதற்கு ஈபிஎப் 144, ஈரிஎப் 36 என்று மட்டும் கூட்டினாலே ஒரு டியூட்டிக்கு 1,380 ரூபா. அறுபதுக்கு 82,800. யூனிபோர்ம் இல்லை, சுப்பர்வைசரின் மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை, லாபம் இல்லை. நாளை 8 மணித்தியாலமாக வைத்து மிச்சம் 4 மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தால் மேலும் 900 ரூபா சேரும். அப்போது ஒரு டியூட்டி 2,280, மாதம் 136,800. பாதுகாப்புச் சேவைத் தொழிலுக்கென்று தனியாகச் சம்பளச் சபை இருக்கிறது. மணித்தியாலங்களையும் மேலதிக நேரத்தையும் அது எப்படிப் பிரிக்கிறது என்று தொழில் அலுவலகத்தில் கேட்டு, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் 82,800க்குக் கீழே ஒரு கொட்டேசன் வந்தால் எந்தப் பிரிப்பிலும் அது சட்டத்துக்குள் நிற்காது.

அப்படியானால் அந்த விலைக்கு எப்படித் தருகிறார்கள்? வழிகள் சில இருக்கின்றன. ஈபிஎப் கட்டுவதில்லை. அல்லது அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை மேலதிக நேரம், ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்று எழுதுகிறார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈபிஎப் இல்லை என்பதால் அதில் மிச்சம் பிடிக்கலாம். எல்லாவற்றிலும் ஆபத்தானது மூன்றாவது: இடாப்பில் இரண்டு பெயர், வாசலில் ஒரே ஆள். பகலும் இரவும் அவரே நிற்பார், இரவு டியூட்டியின் பெயர் வேறு யாருடையதோ. விடியப்புறம் இரண்டு மணிக்கு அவர் கதிரையில் நித்திரையாக இருப்பது அவருடைய குற்றம் இல்லை.

எத்தனை பேர் தேவை என்பதும் கணக்கில் தெரியும். வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் ஆறு நாள், நாளுக்கு 12 மணித்தியாலம் நின்றால் 72. ஆக ஒரு பொயின்ட்டுக்கு 2.33 பேர், சுகயீன லீவும் கோவில் திருவிழாவும் வரும் என்று பார்த்தால் மூன்று பேர். இரண்டு பேரை வைத்து 24 மணித்தியாலமும் ஓட்டுவோம் என்று சொல்கிற கம்பனி, லீவு கொடுக்கப் போவதில்லை என்றே சொல்கிறது.

பில்லில் 18 வீதம் வற் போட்டிருந்தால் வற் பதிவிலக்கத்தோடு வரி விலைச்சிட்டை கேளுங்கள். வற்றுக்குப் பதிவில்லாதவர் அதை அறவிட முடியாது. கம்பனியின் முகத்தைக் காட்டுகிற இன்னொரு சின்னச் சோதனை இது.

ஆயுதக் காவல் எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பனிப் பதிவும் துப்பாக்கி அனுமதிப்பத்திரமும் ஒன்றல்ல. முன்னது இருப்பதால் பின்னது தானாக வந்துவிடாது. சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். துப்பாக்கியின் உலோகப் பாகத்தில் வெட்டிய இலக்கத்தையும் பத்திரத்தில் எழுதிய இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். இலக்கம் தேய்ந்து வாசிக்க முடியாமல் இருந்தாலோ, பத்திரம் "ஹெட் ஒபிசில இருக்கு" என்றாலோ, அந்தத் துப்பாக்கியை உங்கள் வளவுக்குள் எடுக்க வேண்டாம். தோட்டாக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் லொக்புக்கில் எழுதப்பட்டு இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். போருக்குப் பிந்திய வன்னியில் அனுமதியில்லாத ஆயுதம் ஒன்று உங்கள் இடத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். நகைக்கடை, வங்கி, பணம் கொண்டுபோகும் வாகனம் தவிர்ந்த இடங்களுக்கு ஆயுதக் காவல் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. நெல் களஞ்சியத்துக்கும் கட்டட சைட்டுக்கும் நல்ல ரோர்ச், விசில், வேலை செய்யும் தொலைபேசி, சுற்றிவர வெளிச்சம் போதும். வோக்கி டோக்கி கொடுக்கிறோம் என்றால் அதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதன் பிரதியையும் கேளுங்கள்.

யூனிபோர்ம் பொலிஸ் காக்கியைப் போலவோ படையினரின் உருமறைப்புத் துணியைப் போலவோ இருந்தால் ஏற்காதீர்கள். தோளில் பட்டியும் நெஞ்சில் பதக்கமும் வைத்துத் தருவதைக் கம்பனிகள் பெருமையாகச் சொல்லும். தனியார் காவலாளிக்குப் பொலிஸ் அதிகாரம் கிடையாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு எந்தப் பொதுமகனுக்கும் தருகிற அதிகாரம் மட்டும்தான் அவருக்கும் உண்டு: பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன்னே செய்தவரைப் பிடித்து, தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்கலாம். களவு எடுத்ததாகச் சந்தேகப்பட்டு ஒரு பெடியனை ஸ்ரோர் அறைக்குள் பூட்டிவைத்து விசாரிப்பது குற்றம். இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கம்பனியிடம் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் சொல்கிற மனேஜர் தொழில் தெரிந்தவர்.

பொலிஸ் நிலையத்தில் கேட்பது எவ்வளவு உதவும்? கம்பனியின் பதிவைப் பற்றி அங்கே உடனடி உறுதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது அமைச்சின் வேலை. ஆனால் காவலாளியைப் பற்றிய சோதனைக்கு உள்ளூர்தான் பலம். விதானையாரின் வதிவிட, நற்சான்றிதழும் அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் இருக்கிற பிரிவின் விதானையாருக்குத் தொலைபேசி எடுத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். கொழும்புக் கம்பனிகள் தாளிலேயே செய்து முடிக்கிற இந்தச் சோதனையை வன்னியில் நாங்கள் நேரிலேயே செய்யலாம், அது இங்குள்ள பெரிய வசதி.

வேலை தொடங்கிய பிறகும் ஒரு முறையாவது இரவில் போய்ப் பாருங்கள். காவலாளியின் கம்பனி அடையாள அட்டையில் உள்ள படம், தேசிய அடையாள அட்டை, அன்றைய இடாப்பில் உள்ள பெயர் மூன்றும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். இடாப்பில் வாரம் முழுவதற்குமான கையெழுத்து ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அது ஒரே இருப்பில் போட்ட கையெழுத்து. சுப்பர்வைசர் வந்துபோன நேரம் எப்போதும் இரவு 10.00, 2.00 என்று முழுமணியாக இருந்தாலும் அப்படித்தான். ஏ9 வீதியில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார்சைக்கிளில் வருகிறவர் ஒவ்வொரு நாளும் மணி அடித்தாற்போல வந்து சேர முடியாது.

ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். பதிவு காலாவதியானால் அல்லது இரத்தானால் அறிவித்தல் இல்லாமலே ஒப்பந்தத்தை முடிக்கலாம். எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு ஆளுக்கு உப ஒப்பந்தம் கொடுக்கக்கூடாது. மாதப் பில்லோடு முந்திய மாத ஈபிஎப், ஈரிஎப் கட்டியதற்கான சான்று வர வேண்டும்; வராவிட்டால் பில் நிற்கும். களவு நடந்தால் கம்பனியின் பொறுப்பு எவ்வளவு தொகைவரை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் கம்பனிகள் அதிகம் பேரம் பேசும். உங்கள் காப்புறுதிப் பொலிசியையும் அப்போதே எடுத்து, காவல் பற்றி ஏதும் நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று வாசித்துவிடுங்கள். பதிவு பெற்ற கம்பனி என்று அதில் எழுதியிருந்தால், பதிவில்லாத காவலாளி நின்ற இரவில் போன பொருளுக்கு நட்டஈடு கிடைப்பது கடினம்.

ஏற்கெனவே ஆள் நிறுத்தியிருப்பவர்கள் என்ன செய்வது? பதிவு இல்லை என்று தெரிந்தவுடன் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தவறு கம்பனியுடையது. கம்பனிக்கு எழுத்தில் கால அவகாசம் கொடுங்கள், சான்றிதழ் வரவில்லையென்றால் பதிவுபெற்ற வேறு கம்பனியை எடுங்கள், இடம் பழகிய அதே ஆட்களைப் புதிய கம்பனியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய கம்பனி கட்டாமல் விட்ட ஈபிஎப்புக்காக அவர்கள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். அதற்கு உங்கள் வாசலின் இடாப்புப் பக்கங்கள்தான் முதல் சாட்சி. பிரதி எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.